பிரிமணையும் பானையும்: ஓர் ஓவியத்தை மீண்டும் பார்த்தல்

2025ஆம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டி எங்கள் பங்கில் சமத்துவப் பொங்கல் விழா நடைபெற்றது. அதில் இளையோருக்கான ஓவியப் போட்டி ஒன்றும் இடம்பெற்றது. நடுவர்கள் மூவர், அவர்களுள் நானும் ஒருவன். அன்று நாங்கள் இரண்டாம் இடத்தில் வைத்த ஓவியத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். அத்தீர்ப்பு பிழையானது என்பது என் இன்றைய கருத்து. எங்கே பிழைத்தோம் என்று ஆராய்வது அந்த ஓவியத்திற்கு நான் செலுத்த வேண்டிய கடன். நாட்டுப்புறக் கலையை ஆர்வத்தோடு ஆலய முற்றத்திற்கு அழைத்து வரும் நமக்கெல்லாம் அந்த ஆராய்ச்சி ஓரளவு பயன்படவும் கூடும்.

ஓவியத்தை வரைந்தவர் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி. மண்பாண்டம் வனையும் குடும்பத்துப் பெண். எங்கள் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். பக்கத்து ஊரில் விழா என்று கேள்வியுற்று, சுருட்டிய அட்டையைக் கையில் பிடித்தபடி தோழியோடு வந்தவர்.

ஓவியம் காட்டுவது

அட்டை முழுவதும் செங்காவி நிறம். அதன்மேல் பெரும்பாலும் வெள்ளைக் கோடுகள், ஆங்காங்கே மஞ்சள், ஓரிடத்தில் மட்டும் கருமை. இடப்புறம் பொங்கல் பானை ஒன்று. அதன் கழுத்தில் இலையோடு கூடிய மஞ்சள் கொத்து கட்டப்பட்டிருக்கிறது. நடுவில், திருமணப் பந்தலில் வைக்கும் அரசாணிப் பானைகள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நிற்கின்றன. அவற்றின் உடலெங்கும் வரிவரியாகக் கோலப்புள்ளி, மீன், மாவிலை, நெற்கதிர். வலப்புற மூலையில் ஒரு சோற்றுப்பானை. அதில் எந்த அலங்காரமும் இல்லை. கருமையை அப்பி, வாய்விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோட்டை விட்டு வைத்திருக்கிறார். அட்டையின் கீழ்ப்பகுதியில், தலையில் குடம் சுமந்து நடக்கும் பெண்கள் இருவர்.

எங்களை உறுத்தியது அந்தக் கரிய பானைதான். "இவ்வளவு அழகாக வரைந்துவிட்டு, மூலையில் ஒரு கறையை வைத்துவிட்டாளே" என்றார் நடுவர் ஒருவர். ஓவியத்தின் சமநிலை அதனால் கெடுகிறது என்று நானும் ஒப்புக்கொண்டேன். முதல் பரிசு வேறோர் ஓவியத்திற்குச் சென்றது. அதில் பானை இருந்தது, கரும்பு இருந்தது, சூரியன் இருந்தது, சிரிக்கும் குடும்பம் இருந்தது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அதை நாங்கள் நிறைவு என்று எண்ணினோம்.

கடன் பெற்றதும் கைவசம் இருந்ததும்

திறனாய்வு நேர்மையாக இருக்க வேண்டுமானால் குறையிலிருந்தே தொடங்கலாம். கீழே நடக்கும் பெண்கள் இருவரின் உடலும் நுனியோடு நுனி சேர்ந்த இரண்டு முக்கோணங்களால் ஆனவை; கைகால்கள் குச்சிகள்; தலை ஒரு வட்டம். இது நம் பகுதியின் கோடு அன்று. மகாராட்டிரத்தின் வார்லிப் பழங்குடியினர் தங்கள் குடிசைகளின் மண்சுவரில் அரிசிமாவால் வரைந்த ஓவியங்களின் கோடு. அங்கே திருமணத்தின்போது பெண்கள் சுவரில் எழுதிய இக்கலையை, ஜிவ்யா சோமா மாஷே என்னும் ஓவியர் 1970களில் தாளுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தார். 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2018இல் மறைந்தார். பீகாரின் மதுபனி ஓவியத்திற்கும் ஏறத்தாழ இதே கதைதான். 1960களின் நடுவில் அங்கே வறட்சி வந்தபோது, சுவரில் எழுதிய பெண்களின் கையில் வருவாய்க்கு வழியாகத் தாள் கொடுக்கப்பட்டது. தாள் பயணம் செய்யும்; சுவர் பயணம் செய்யாது. ஆகவே இன்று தமிழகத்துப் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழிலும், துணிக்கடைப் பையிலும், நம் திருவிழா மேடையிலும்கூட வார்லிப் பெண்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். 'நாட்டுப்புறக் கலை' என்றாலே அந்த முக்கோணங்கள்தாம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

கடன் பெறுவது குற்றமன்று. எந்தக் கலையும் கடன் பெறாமல் வளர்ந்ததில்லை. ஆனால் கடன் பெற்ற கோடு, வாங்கியவரின் கண் கண்டதைச் சொல்கிறதா என்று கேட்கலாம். இந்தப் பெண்கள் சுமக்கும் குடங்கள் தலையைத் தொடுகின்றனவே ஒழிய அங்கே அமரவில்லை. சும்மாடு இல்லை! துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைக்காமல் உருண்டை அடிக்குடத்தை எந்தப் பெண்ணும் சுமந்ததில்லை. குடத்தின் கனம் கழுத்திலும் தெரியவில்லை, நடையிலும் தெரியவில்லை. ஓவியத்தின் மிகப் பலவீனமான பகுதி இதுவே. அன்று எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவேதான்.

மேலே உள்ள பானைகளுக்கு வந்தால் கை மாறிவிடுகிறது. இங்கே கோடுகள் பானையைச் சுற்றி வளையம் வளையமாகச் செல்கின்றன. கடைகளில் விற்கும் அச்சுப் படங்களில் பானையின் வயிற்றில் பெரிய பூ ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அது தட்டையான தாளின் அலங்காரம். வளையமோ சக்கரத்தின் அலங்காரம். சுழலும் ஈர மண்ணின்மேல் விரலை வைத்தால் தானாகவே ஒரு வளையம் விழும். பானைக்கு மனிதன் செய்த முதல் அணிகளில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த தட்டுகளின் உட்புறத்தில், பற்சக்கரம் கொண்டு பதித்த நுண்புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடுகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தத் தட்டுகளிலும் அலங்காரம் சக்கரத்தின் சுழற்சியைப் பின்தொடர்ந்தே செல்கிறது.

நம் பகுதியில் பழங்கோடுகளுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் வழியில் கீழ்வாலையில் செங்காவிப் பாறை ஓவியங்கள் உள்ளன. திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைக்குகையில் பாறைக் கீறல்கள் உள்ளன. அவற்றின் நேர்வாரிசு இந்த மாணவி என்று சொன்னால் கேட்க இனிமையாக இருக்கும், உண்மையாக இராது. அவருடைய கோட்டின் பிறப்பிடம் அவ்வளவு தொலைவில் இல்லை. மார்கழிக் காலையில் வாசலில் அவர் இடும் கோலத்திலும், தந்தையின் சக்கரத்திலும் அது இருக்கிறது. அரசாணிப் பானையின் கழுத்தைச் சுற்றிய புள்ளிகளின் சீரான இடைவெளியைப் பார்த்தாலே அந்த விரல்கள் மாவைத் தொட்டுப் பழகியவை என்பது விளங்கும்.

அடியில் இருந்த வளையம்

விழா முடிந்து மூன்று வாரங்கள் ஆகியும் ஓவியத்தைப் பெற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. அட்டை அலுவலக அறையின் மூலையிலேயே கிடந்தது. ஒருநாள் மாலை அவ்வழியே செல்ல நேர்ந்தபோது நானே எடுத்துச் சென்றேன். அந்த வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். நான் அதுவரை பார்க்காமல் விட்டது என்ன என்பதை அங்கேதான் கண்டேன்.

பெண்ணின் தந்தை ஒரு பானையின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது முழுமை பெற்றிருப்பதில்லை. கழுத்தும் வாயும் முடிந்திருக்கும், அடி திறந்திருக்கும், சுவர் தடித்திருக்கும். சற்றே உலர விட்டு, உட்புறம் ஓர் உருண்டைக் கல்லை அணையாகப் பிடித்து, வெளிப்புறம் மரத்தட்டால் மெல்ல மெல்லத் தட்டுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து, விரிந்து, அடி கூடி மூடிக்கொள்ளும். வயிறு உருண்டையாகும். தீயின் வெம்மை சீராகப் பரவவும், சோறு அடிபிடிக்காமல் வேகவும் அந்த உருண்டை வேண்டும். ஆனால் உருண்டை அடி கொண்ட பானை தானாகத் தரையில் நில்லாது. அதற்கு வைக்கோலாலோ ஓலையாலோ முறுக்கிய ஒரு வளையம் வேண்டும். அதுவே பிரிமணை.

கையிலிருந்த அட்டையை விரித்துப் பார்த்தேன். இடப்புறப் பொங்கல் பானையின் கீழும், அடுக்குப் பானைகளின் கீழும், கரிய பானையின் கீழும் பிரிமணைகள்! வைக்கோல் புரியின் ஒவ்வொரு முறுக்கும் தனித்தனிக் கோடாக வரையப்பட்டிருந்தது. மீனுக்கும் மாவிலைக்கும் செலவிட்ட அதே பொறுமை அங்கும் செலவிடப்பட்டிருந்தது. நாங்கள் அதை ஓவியத்தின் அடிக்கரை என்று எண்ணி ஒதுக்கியிருந்தோம். முதல் பரிசு பெற்ற ஓவியத்தின் பானைக்கோ தட்டையான அடி. அது எவர்சில்வர் பாத்திரத்தின் அடி!

"இந்தக் கறுப்புப் பானைக்கு மட்டும் ஏனம்மா பூப் போடவில்லை?" என்று கேட்டேன்.

"அது அடுப்பில் இருக்கிற பானை, ஃபாதர். பூப் போட்டாலும் கரியில் தெரியாது" என்றார்.

மிக எளிய விடை. ஆனால் அந்த ஓவியத்தின் இலக்கணமே அதில் அடங்கியிருந்தது. நம் மரபில் எந்தப் பானை அணி பெறுகிறது? வாழ்வில் ஒருமுறையோ ஆண்டில் ஒருமுறையோ வரும் நாளுக்குரிய பானையே அணி பெறுகிறது. அரசாணிப் பானைக்குச் சுண்ணாம்பும் செம்மண்ணும். பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து. இறந்தோருக்கான தாழியும் சில இடங்களில் அவ்வாறே அணி பெற்றது. ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த ஒரு தாழியின் பகுதியில், மண்ணை ஒட்டி உருவாக்கிய பெண்ணுருவும் மானும் நெற்கதிரும் பறவையும் உள்ளன. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் குயவரிடம் வேண்டுவதோ அழகைப் பற்றியது அன்று. தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்பதே அவள் வேண்டுதல். அணியைக் காட்டிலும் கொள்ளளவு பெரிது என்று அறிந்த சொல் அது.

அன்றாடம் உலையேறும் பானைக்கு அணி இல்லை. கரிதான் அதற்குக் கிடைப்பது. ஆகவே இந்த ஓவியத்தில் அணி பெற்ற பானைகளும் அணியற்ற பானையும் ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று பொருள் தருகின்றன. விழா நாள் எது என்பதைச் சொல்ல அன்றாடம் ஒன்று அருகில் இருந்தாக வேண்டும். அந்த மூலையின் கருமையை மறைத்துப் பாருங்கள். நடுவிலிருக்கும் வெண்கோடுகள் உடனே வாழ்த்து அட்டையின் அழகாகச் சுருங்கிவிடும். நாங்கள் கறை என்று கண்டது அந்த ஓவியத்தின் நங்கூரம்.

நம் முற்றத்தில் நடந்தது

இனி, எங்கள் விழாவை விவரிக்க வேண்டும். மேடையின் பின்புறம் முப்பதடி நீளத்திற்கு அச்சிட்ட பதாகை. அதில் வண்ண வண்ணமான பானைகள். பொங்கல் வெந்ததோ வாடகைக்கு எடுத்த அலுமினிய அண்டாவில், எரிவாயு அடுப்பில். கூட்டம் பெரிது, நேரம் குறைவு என்பது காரணம். அந்த ஏற்பாட்டிற்கு ஒப்புதல் அளித்தவன் நான்தான். மண்ணின் பண்பாட்டைப் போற்றுவோம் என்று மறையுரையும் ஆற்றினேன். வந்திருந்தோரில் மண்பானை செய்யும் வீட்டுப் பெண் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் வரைந்த பானையைப் பாராட்டினோம். அவர் வீட்டுப் பானை ஒன்றுகூட வாங்கவில்லை.

அவ்வீட்டில் அவ்வாண்டு விற்கப் பானையும் அதிகம் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே நீரில் மிதந்தது. பொங்கலுக்காகத் தட்டி உலர வைத்திருந்த, இன்னும் சூளையேறாத பானைகள் அனைத்தும் ஒரே இரவில் சேறாயின. "சுட்டிருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது. சுடாதது மண்தானே" என்றார் பெண்ணின் தந்தை. அதைச் சொல்லிவிட்டுத் தட்டுவதைத் தொடர்ந்தார்.

இறைவாக்கினர் எரேமியா குயவரின் இல்லத்திற்குப் போகுமாறு பணிக்கப்பட்டதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். கெட்டுப்போன மண்ணை எறிந்துவிடாமல் அதே மண்ணால் வேறொரு கலத்தை வனைகிறார் அக்குயவர். விவிலியத்தின் தொடக்க நூலில் கடவுள் மனிதரை மண்ணால் 'உருவாக்கினார்' என்னும் இடத்திலும், 'குயவர்' என்னும் சொல்லிலும் எபிரேய வேர்ச்சொல் ஒன்றே என்று குருமடத்தில் படித்தேன். பல ஆண்டுகளாகப் போதித்தும் வந்தேன். ஆனால் இறைவாக்கினருக்குக் கிடைத்த முதல் கட்டளை 'போ' என்பது என் கண்ணில் படவில்லை. குயவரை உவமையாகக் கொள்வதற்கு முன் அவர் இல்லத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறது. நான் அங்கே சென்றது ஓர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க. அதுவும் மூன்று வாரம் கழித்து.

திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று 1963இல் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. 1969இல் குத்துவிளக்கும் ஆரத்தியும் இந்தியத் திருவழிபாட்டில் இடம்பெற இசைவு கிடைத்தது. அப்பணியில் முன்நின்ற அருள்பணியாளர் அமலோர்பவதாஸ் நம் விழுப்புரம் மாவட்டத்துக் கல்லேரியில் பிறந்தவர். 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தைத் தொடங்கியவர். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் நாம் எங்கே நிற்கிறோம்? பண்பாட்டின் கோடுகளும் வண்ணங்களும் ஆலயத்திற்குள் வந்துவிட்டன. அவற்றைத் தாங்கி நிற்கும் பிரிமணை வந்திருக்கிறதா? ஏரியில் களிமண் எடுக்க இசைவு பெறுவதற்கே குயவர்கள் நெடுங்காலம் அலைந்தார்கள். வட்டாட்சியரே இசைவளிக்கலாம் என்னும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2024இல்தான் செய்தது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் அடுப்பும் சேர்க்கப்பட வேண்டும் என்று அவர்கள் ஆண்டுதோறும் கேட்டு வருகிறார்கள். இவை எவையும் நம் மறையுரைகளில் இடம்பெறுவதில்லை. பதாகையில் பானை மட்டும் இடம்பெறுகிறது.

திருத்தூதர் பவுல், நாம் பெற்ற செல்வத்தை மண்பாண்டங்களில் வைத்திருக்கிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதினார். பாண்டம் மண்தான் என்பதை மறைக்க அவர் விரும்பவில்லை. அந்த எளிமை வெளிப்படையாகத் தெரிந்தால்தான் ஆற்றல் கடவுளுடையது என்பது விளங்கும். மண்ணை மறைக்கும் அணி பாண்டத்தைப் பொய்யாக்கும்; மண்ணின் வடிவத்தைப் பின்பற்றும் அணி அதை வெளிப்படுத்தும். இந்த மாணவியின் அரசாணிப் பானைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. வெள்ளைக் கோடுகளுக்கு இடையே செங்காவி எங்கும் தெரிகிறது. எந்தப் பூவும் மண்ணை முற்றிலும் மூடவில்லை.

நிறைகுறை

சுருக்கிச் சொன்னால், இந்த ஓவியத்தில் தாம் கண்டதை வரைந்த ஒரு கையும், பிறர் வரைந்ததைக் கண்டு வரைந்த ஒரு கையும் சேர்ந்து இயங்குகின்றன. முதற்கை பிரிமணையின் முறுக்கையும் கரியின் அடர்த்தியையும் அறிந்தது. இரண்டாம் கை சும்மாட்டை மறந்தது. மஞ்சள் வண்ணம் சில இடங்களில் தேவைக்கு மேல் பளிச்சிடுகிறது. நெற்கதிர்கள் ஒரே அச்சாக இருப்பதால் அந்த வரி மட்டும் உயிரற்று நிற்கிறது. இக்குறைகளை அவரிடமே சொன்னேன். சும்மாட்டைப் பற்றிச் சொன்னபோது சற்று நேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆமாம் ஃபாதர், அம்மா பார்த்தால் சிரிப்பார்கள்" என்றார். அடுத்த ஓவியத்தில் அவருடைய அம்மாவே நடந்து வருவார் என்று நம்புகிறேன். முக்கோணங்களைக் காட்டிலும் அவருடைய நடை வரைவதற்குக் கடினமானது.

தீர்ப்பு பிழையானது என்று நான் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழை மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடைபெறும்போது அவர் தந்தைதான் ஒன்றைச் சொன்னார்: "அடுத்த பொங்கலுக்குப் பானை வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே சொல்லிவிடுங்கள், ஃபாதர். மார்கழிப் பனியில் சீக்கிரம் காயாது."

அந்தக் கார்த்திகையில் சொல்லிவிட்டோம். இருபது பானைகளும் இருபது பிரிமணைகளும். ஓவியத்தை அவர்கள் எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். அது இப்போது பங்கு அலுவலகச் சுவரில், வருவோர் கண்ணில் முதலில் அந்தக் கரிய பானை படும்படி மாட்டப்பட்டிருக்கிறது. சிலர் இன்றும் அதைக் கறை என்றே சொல்கிறார்கள்.